சீரியல் மருமகளைக் கடற்கரையில் நடக்கவிடுவது எப்படி

சீரியல் பாத்திரங்களை வைத்துக் கதை எழுதுகிறவர்கள் எல்லோரும் கடைசியில் வந்து மாட்டிக்கொள்ளும் இடம் ஹால்தான். ஒரு சோபா, ஒரு மாடிப்படி, பூஜை அறை, சமையலறை வாசலில் ஒரு திரை, திரைக்குப் பின்னால் நின்று ஒட்டுக்கேட்கும் ஓர் ஆள். சீரியலில் பாதிக் கதை அந்த ஒட்டுக்கேட்பதில்தான் நகர்கிறது. ஷூட்டிங் வீட்டுக்கு வாடகை கொடுத்தாகிவிட்டது, அதனால் கல்யாணம், வளைகாப்பு, சொத்துத் தகராறு எல்லாம் அதே ஹாலில் நடந்தாக வேண்டும், அது அவர்கள் கஷ்டம். நமக்கு வாடகை கிடையாது. இருந்தும் நாம் எழுதும் ஃபேன்ஃபிக்கிலும் மருமகள் காபி டம்ளரோடு அதே ஹாலில் நிற்கிறாள், அதே நாத்தனார் அதே திரைக்குப் பின்னால்.

இதிலிருந்து வெளியே வர ஒரு வழி இருக்கிறது. உங்களுக்குப் பிடித்த பாத்திரத்தைக் காவிரி டெல்டாவின் கடற்கரையில், பூம்புகாரிலிருந்து கோடியக்கரை வரைக்கும், தனியாக நடக்கவிடுங்கள். எழுத உட்காருவதற்கு முன்னால் நீங்களும் அந்தக் கரையில் ஒரு துண்டையாவது தனியாக நடந்துவிடுங்கள். அங்கே சுவர் இல்லை, கதவு இல்லை. ஒளிந்துகொள்ளச் சவுக்குத்தோப்பு உண்டு, ஆனால் அலைச் சத்தத்தில் நாலு அடி தள்ளி நிற்பவர் பேசுவதே காதில் விழாது. ஒட்டுக்கேட்க முடியாத இடத்தில் கதை நகர வேறு எதையாவது கண்டுபிடித்தே ஆக வேண்டும், அதைக் கரையே எடுத்துக் கொடுக்கும்.

யாரைக் கூட்டிப்போவது

கதாநாயகியை வேண்டாம் என்பேன். கோலங்கள் அபியை எடுத்துக்கொள்ளுங்கள். 2003-லிருந்து 2009 வரை கட்டட கம்பெனி நடத்தி, சைட்டில் நின்று, ஆபீஸில் சண்டை போட்டு, ஊரையே பார்த்தவர். அவரைக் கடற்கரையில் விட்டால் இன்னொரு லொக்கேஷன், அவ்வளவுதான். அதே இயக்குநர் திருச்செல்வம் எடுத்த எதிர்நீச்சலில், 2022-லிருந்து 2024 வரை, ஒரே வீட்டில் நாலு மருமகள்கள். அங்கே வாசலைத் தாண்டுவதே பிரச்சினை. அப்படிப்பட்ட ஒருவர்தான் இந்த நடைக்கு வேண்டும். நால்வரில் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, சொன்னால் மற்ற மூவரின் ரசிகர்கள் சண்டைக்கு வருவார்கள். உங்களுக்கு வேறு சீரியல் பிடிக்குமென்றாலும் அளவுகோல் இதுதான்: அவர் தனியாக ஒரு தெருமுனை வரை போவதையாவது காட்டியிருக்கிறார்களா? காட்டவில்லை என்றால் அவர்தான் ஆள். நாத்தனார், ஓரகத்தி, கல்யாணமாகாத அத்தை, எப்போதும் தட்டு ஏந்தி நிற்கும் அந்தப் பெண், இப்படிப் பின்வரிசையில் தேடுங்கள்.

ஆள் கிடைத்ததும் ஒரு பக்கம் எழுதி வையுங்கள். அவருக்கு எந்த ஊர்? பிறந்த வீடு எது என்று சீரியலில் பெரும்பாலும் தெளிவாகச் சொல்லவே மாட்டார்கள், நீங்கள் குத்தாலம் என்றோ மன்னார்குடி என்றோ ஒன்றைக் கொடுத்துவிடுங்கள், பேச்சு தானாக மாறிவிடும். கோபம் வந்தால் கை என்ன செய்யும், புடவை முந்தானையைச் சொருகுமா, பாத்திரத்தை ஓசைப்படுத்துமா? கையில் எவ்வளவு பணம்? இதைக் கட்டாயம் எழுதுங்கள். கோடிக்கணக்கில் சொத்துக்குச் சண்டை போடுவார்கள், பஸ்ஸுக்குச் சில்லறை தேடி யாரையாவது பார்த்திருக்கிறீர்களா? நடந்து போகிற பெண்ணுக்கு முதல் நாளே தேவைப்படுவது பத்து ரூபாய் நோட்டுகள்.

இன்னொன்று. எழுதுவது பாத்திரத்தைப் பற்றி, நடிகரைப் பற்றி இல்லை. எதிர்நீச்சல் வீட்டை அதட்டி ஆளும் ஆதி குணசேகரனாக நடித்த மாரிமுத்து 2023 செப்டம்பரில் காலமானார், பிறகு வேல ராமமூர்த்தி அந்த வேடத்தில் வந்தார். ஆள் மாறினார், குணசேகரன் குணசேகரனாகவே இருந்தார், வீட்டுப் பெண்களும் அவருக்குப் பயந்துகொண்டேதான் இருந்தார்கள். நாம் கையில் எடுக்க வேண்டியது அப்படி நடிகர் மாறினாலும் நிற்கிற அந்த ஆளைத்தான். நடிகையின் கல்யாண வாழ்க்கை, நிஜப் பெயர், நிஜக் குழந்தை இவற்றைக் கதைக்குள் கொண்டுவருவது அசிங்கம், அதற்கு ரசிகர் என்று பெயர் வேண்டாம்.

எப்போது போவது

பொங்கல் முடிந்து மார்ச் வரைக்கும். அதற்கு முன்னால் வடகிழக்குப் பருவமழை, புயல், கரையெல்லாம் அரித்துக் கிடக்கும். நவம்பரில் இந்தப் பக்கம் என்ன நடக்கும் என்பதற்கு 2018 கஜா புயலே போதும், நவம்பர் 16 விடியற்காலையில் நாகைக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில்தான் கரையைக் கடந்தது. ஏப்ரலுக்குப் பிறகு வெயில். தைக்குப் பிறகு என்று சொல்ல இன்னொரு காரணமும் உண்டு. மேட்டூர் அணையை வழக்கமாக ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவார்கள். மூடியபிறகு கிளையாறுகளில் தண்ணீர் வற்றும், சின்ன முகத்துவாரங்கள் சிலவற்றை மணல் அடைத்துக்கொள்ளும், நடப்பது கொஞ்சம் சுலபமாகும். கொஞ்சம்தான்.

பூம்புகாரிலிருந்து கோடியக்கரை சுமார் 100 கிலோமீட்டர், கிட்டத்தட்ட நேர்கோடாகத் தெற்கே இறங்கும் கரை. வழி தவற வழியே இல்லை: கடல் எப்போதும் இடது கைப்பக்கம். ஒரே மூச்சில் போக வேண்டியதில்லை. சாலை சில கிலோமீட்டர் மேற்கே கூடவே வருகிறது, எந்த மீனவ ஊரிலிருந்தும் உள்ளே வந்து பஸ் பிடித்துவிடலாம், அதனால் இரண்டு நாள் லீவுக்கு ஒரு துண்டு என்று பிரித்துக்கொள்ளுங்கள். முதல் தடவைக்குப் பூம்புகார் முதல் தரங்கம்பாடி வரை, சுமார் 12 கிலோமீட்டர், சரியான அளவு.

மணலில் நடப்பது

ரோட்டில் மணிக்கு ஐந்து கிலோமீட்டர் போகிறவர் இங்கே மூன்று போனால் பெரிது. காய்ந்த மணல் காலை உள்ளே இழுக்கும், அதனால் எல்லோரும் அலை நனைத்துவிட்டுப் போன இறுகிய மணலுக்கு இறங்குவார்கள். அங்கே வேறு தொல்லை. கரை கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும். தெற்கே போகும்போது இடது கால் எப்போதும் தாழ்வில், வலது கால் மேட்டில், ஒரு மணி நேரத்தில் வலது முட்டியும் இடது இடுப்பும் பேச ஆரம்பிக்கும். ஒரே கோட்டில் போகாதீர்கள். கொஞ்ச நேரம் ஈர மணல், கொஞ்ச நேரம் மேலே ஏறி அடப்பங்கொடி படர்ந்த மேட்டில், ஊர் வந்தால் ஊருக்குள் சிமெண்ட் ரோடு, இப்படி மாற்றிக்கொண்டே போங்கள்.

வெறுங்காலில் நடப்பது ரீல்ஸுக்கு அழகு. கிழிந்த வலைத் துண்டு, தூண்டில் முள், உடைந்த பாட்டில் எல்லாம் மணலில் கிடக்கும், பின்னால் வார் வைத்த செருப்பு போடுங்கள். கல் கொட்டி வைத்த இடங்களில், தரங்கம்பாடியில் நிறைய உண்டு, பாசி பிடித்த கல்லில் ஏறிக் கடக்க முயலாமல் சுற்றிப் போங்கள். விடிவதற்குக் கொஞ்சம் முன் கிளம்பி ஒன்பதரைக்குள் நிறுத்திவிடுங்கள், மறுபடி நாலு மணிக்கு மேல். சூரியன் கடலிலிருந்து எழும்புவதால் காலை முழுக்க இடது கன்னம் மட்டும் வேகும், தொப்பியை விடத் தலையோடு சுற்றிய துண்டு நல்லது. தண்ணீர் மூன்று லிட்டர், கூடவே ஓஆர்எஸ் பொட்டலம். கரையோர அடிபம்புத் தண்ணீர் பல இடங்களில் உப்புக் கரிக்கும், அதை நம்பிப் போகாதீர்கள்.

ஊருக்கு நேரே இருக்கும் கரையில் அதிகாலையில் ஆண்கள் ஒதுங்கி உட்கார்ந்திருப்பார்கள். இதை யாரும் எழுதமாட்டார்கள், நான் எழுதிவிடுகிறேன். ஊர் தெரிய ஆரம்பித்ததும் மேலே ஏறித் தெருவுக்குள் போய், ஊரைத் தாண்டி மறுபடி இறங்குங்கள். அவர்களுக்கும் மரியாதை, உங்களுக்கும் நிம்மதி. நாய்கள் மீன் இறங்கும் இடத்தில் கூட்டமாக இருக்கும், கையில் ஒரு குச்சி போதும், ஓடக்கூடாது.

அவராக முடிவெடுப்பது

இப்போது எழுத்து விஷயம். நடந்துகொண்டே கதை யோசிக்கலாம் என்று நினைத்துப் போனால் யோசனை வராது, முட்டிவலிதான் வரும். பதிலாக ஒரு மணி நேரத்துக்கு உங்கள் முடிவுகளை அந்தப் பாத்திரத்திடம் கொடுத்துவிடுங்கள். செருப்பைக் கழற்றுவதா, வேண்டாமா? அவர் என்ன செய்வாரோ அது. கருவாடு காயவைத்துக்கொண்டிருக்கும் அம்மாவிடம் தானாகப் பேச்சுக் கொடுப்பாரா, தலையைக் குனிந்து தாண்டிப்போவாரா? வலையில் கிழிசல் முடிந்துகொண்டிருக்கும் பெரியவர் "எந்த ஊரும்மா" என்று கேட்டால் மாமியார் ஊரைச் சொல்வாரா, அம்மா ஊரையா? நீங்கள் செய்திருப்பதற்கும் அவர் செய்வதற்கும் எங்கே வித்தியாசம் வருகிறதோ அதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். ஒரு காலை நடையில் இப்படி ஐந்தாறு கிடைத்தால் ஒரு அத்தியாயத்துக்கு அது தாராளம்.

குறிக்க நோட்டு எடுத்துப் போகாதீர்கள், உப்புக் காற்றில் பக்கம் நமுத்துப் பேனா ஓடாது. வாய்ஸ் ரெக்கார்டு நல்லது, ஆனால் கடலிலிருந்து கொண்டல் காற்று அடிக்கும்போது பேசினால் வீட்டுக்கு வந்து கேட்டால் வெறும் இரைச்சல்தான் இருக்கும். காற்றுக்கு முதுகு காட்டி நின்று, போனின் அடிப்பக்கத்தைக் கைக்குட்டையால் ஒரு சுற்றுச் சுற்றி, வாயருகே வைத்துப் பேசுங்கள், கேட்கும். அந்தப் பாத்திரத்தின் குரலிலேயே பேசிப் பதிவு செய்தால் இன்னும் நல்லது. யாருமில்லாத கரை, வெட்கப்பட ஒன்றுமில்லை. மத்தியானம் எங்கே ஒதுங்குகிறீர்களோ, கோயில் மண்டபமோ டீக்கடை பெஞ்சோ, அங்கே உட்கார்ந்து அன்றைக்கே கேட்டுத் தட்டச்சு செய்துவிடுங்கள். மறுநாளைக்குத் தள்ளினால் உங்கள் பாத்திரம் மறுபடி ஹாலுக்குள் போய்விடும்.

எழுதும்போது சீரியலின் சில பழக்கங்களைக் கழற்றி வைக்க வேண்டும். ஒரு அதிர்ச்சிக்கு மூன்று குளோசப், பின்னணியில் இடி, அடுத்து விளம்பரம் என்பது அரை மணி நேரத்தை நிரப்பும் தந்திரம். எழுத்தில் அதிர்ச்சி ஒரு வரி, அடுத்த வரியில் அவர் நடந்துகொண்டிருக்க வேண்டும். மனசுக்குள் பேசும் வசனத்தையும் குறையுங்கள். ஒட்டுக்கேட்க ஆளில்லாத இடத்தில் வாய்விட்டே பேசலாம், அப்படி உரக்கப் பேச முடிகிறது என்று அவர் முதல்முறை உணர்வது ஒரு முழுக் காட்சி.

ஜோடி ரசிகர்கள் கோபப்பட வேண்டாம், உங்கள் ஷிப்பும், அதாவது நீங்கள் சேர்த்துவைக்கத் துடிக்கும் ஜோடியும், இதில் பயணம் செய்யலாம். ஆனால் போனில்தான். கரையோரம் சில இடங்களில் சிக்னல் போய்ப்போய் வரும், மணல்மேட்டில் ஏறி நின்றால் ஒரு கோடு தெரியும். அவனிடமிருந்து வந்த மிஸ்டு கால்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மெசேஜாகக் கொட்டுவதை அவர் நின்று பார்க்கிறார், திருப்பிக் கூப்பிடுகிறாரா என்பதைக் கடைசிவரை இழுக்கலாம்.

முகத்துவாரம்

டெல்டா கரையில் கதைக்கு ஏற்ற இடம் முகத்துவாரங்கள்தான், நடப்பவருக்கு ஆபத்தும் அங்கேதான். காவிரியின் கிளைகள் வரிசையாக வந்து கடலில் விழுகின்றன: தரங்கம்பாடிக்குத் தெற்கே நண்டலாறு, காரைக்காலில் அரசலாறு, பிறகு திருமலைராஜனாறு, நாகூரில் வெட்டாறு, நாகப்பட்டினத்தில் கடுவையாறு, வேளாங்கண்ணியை ஒட்டி வெள்ளையாறு. கரையில் நேராக வந்துகொண்டிருப்பவர் முன்னால் திடீரென்று தண்ணீர். பார்க்க முழங்கால் அளவு போலத் தெரியும். இறங்காதீர்கள். அலையும் ஆறும் முட்டும் இடத்தில் அடியில் மணல் நகர்ந்துகொண்டே இருக்கும், நேற்று நடந்து கடந்த இடம் இன்று ஆளை இழுக்கும். கரை ஓரத்தில் மேலே மணல் போர்த்திய சேறு வேறு. அங்கே வலை போடும் ஆளைக் கேளுங்கள், படகு இருந்தால் படகு, இல்லையென்றால் மேற்கே போய்ப் பாலம், எவ்வளவு சுற்றானாலும். நாகையில் துறைமுகத்தை நடந்து கடக்க முடியாது, பாலம்தான். காரைக்காலுக்குத் தெற்கே வாஞ்சூர் பக்கம் துறைமுகம் கரையை மறித்து நிற்கிறது, அந்தத் துண்டையே பஸ்ஸில் தாண்டிவிடுங்கள், அங்கே நடந்து நிரூபிக்க ஒன்றுமில்லை.

கதைக்கு வருவோம். வீட்டில் எல்லா முடிவும் அவரிடம் கேட்காமல் எடுக்கப்பட்டது. இங்கே அவர் ஒரு முடிவு எடுக்காமல் அக்கரை போக முடியாது, அதுவும் முன்பின் தெரியாத ஒருவரிடம் வாய்திறந்து கேட்க வேண்டும். நான் எழுதிப் பார்த்த துண்டு ஒன்று, நடு மருமகள்:

"அண்ணே, அக்கரைக்குக் கொண்டுபோய் விடுவீங்களா?"

ஃபைபர் படகில் குனிந்து தண்ணீர் இறைத்துக்கொண்டிருந்தவர் நிமிரவில்லை. "கூட யாரும்மா?"

"யாரும் இல்லண்ணே."

"ஏறு."

படகு இந்தக் கரையை விட்டதும்தான் எவ்வளவு என்று கேட்காதது அவளுக்கு உறைத்தது. "எவ்ளோண்ணே?"

"குடுக்குறதக் குடு."

கைப்பையின் உள்அறையில் மூன்று ஐந்நூறு, ஒரு நூறு, இரண்டு பத்து. பத்து கொடுத்தால் அவமானமா, நூறு கொடுத்தால் பைத்தியமா? காய் வண்டிக்காரனிடம் கொத்தமல்லிக்குப் பேரம் பேசிய வாய் இங்கே வரவில்லை. அக்கரை மணல் தட்டியது. நூறை நீட்டினாள். அவர் வாங்கி, லுங்கி மடிப்பிலிருந்து ஐம்பதைத் திருப்பிக் கொடுத்துவிட்டு, "செருப்ப கையில எடுத்துக்கம்மா, முன்னாடி சேறு" என்றார்.

அவ்வளவுதான். வில்லன் இல்லை, ஒட்டுக்கேட்பு இல்லை. ஆனால் அவளுக்கு விலை தெரியாது, தெரியாததை மறைக்கத் தெரியும், தன்னை ஒருவர் ஏமாற்றாமல் விட்டதும் அவளுக்குப் புதுசு, மூன்றும் ஒரு படகுத் துறைக்குள் வந்துவிட்டது. இதே காட்சியை மூத்த மருமகளுக்கு எழுதினால் அவர் ஏறுவதற்கு முன்பே கூலி பேசியிருப்பார், சின்னவளாக இருந்தால் மேற்கே பாலத்தைத் தேடி நடந்திருப்பாள். உங்கள் ஆள் என்ன செய்வார் என்று தெரியவில்லையென்றால் அந்த முதல் பக்கத்துக்குத் திரும்பிப் போய் இன்னும் எழுத வேண்டும். ஒவ்வொரு ஆற்றிலும் ஒரு அத்தியாயத்தை முடிக்கலாம், ஆறு ஆறு, ஆறு அத்தியாயம், ஆனால் ஒவ்வொன்றிலும் கடப்பதற்கு வேறு வழி வையுங்கள்.

வழியில் வரும் ஊர்கள்

பூம்புகாரில் தொடங்கும் எல்லோருக்கும் ஒரு ஆசை வரும்: 1973-ல் திறந்த சிலப்பதிகாரக் கலைக்கூடத்துக்கு முன்னால் நம் மருமகளை நிறுத்திக் கண்ணகியோடு ஒப்பிட்டு ஒரு வசனம். தயவுசெய்து வேண்டாம். கண்ணகி இங்கிருந்து மேற்கே நடந்தாள், புருஷனோடு நடந்தாள். உங்கள் ஆள் தெற்கே போகிறார், தனியாகப் போகிறார். கலைக்கூடத்தைப் பூட்டியிருக்கும் நேரத்தில் அவரைக் கடக்கவிடுங்கள், போதும்.

வானகிரி, சின்னங்குடி தாண்டித் தரங்கம்பாடி. டேனிஷ்காரர்கள் 1620-ல் கட்டத் தொடங்கிய கோட்டை கடலைப் பார்த்து நிற்கிறது, பக்கத்தில் கடல் பாதி தின்ற மாசிலாமணிநாதர் கோயில். 1845-ல் ஊரையே பிரிட்டிஷ்காரர்களுக்கு விற்றுவிட்டுப் போனார்கள். வீட்டில் சொத்துப் பத்திரத்தில் கையெழுத்து போடச் சொல்லி மிரட்டப்பட்ட பாத்திரத்துக்கு, ஒரு ஊரே கைமாறிய இந்த இடம் ஒரு நல்ல இடைவேளை. தங்கவும் இடம் கிடைக்கும்.

காரைக்கால் புதுச்சேரியோடு சேர்ந்தது, மதுக்கடை அதிகம், சாயங்காலத்தில் அந்த எல்லையோரக் கரையில் தனியாக இருக்காதீர்கள். நாகூரில் தர்கா இருக்கிறது, எந்த மதத்து ஆளும் வந்து உட்காரலாம், நடந்து வந்த காலுக்கு அது பெரிய விஷயம். நாகையிலிருந்து வேளாங்கண்ணி பத்து கிலோமீட்டர்தான். ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை நடக்கும் திருவிழாவுக்குக் காவி உடுத்தி நடந்தே வருகிறவர்கள் ஏராளம், அதனால் இந்தப் பகுதியில் யாராவது "எங்கே தனியா?" என்று கேட்டால் "வேளாங்கண்ணிக்கு நடக்கிறேன்" என்ற பதில் எல்லாக் கேள்வியையும் முடித்துவிடும். அந்தப் பதிலை உங்கள் பாத்திரம் பொய்யாகச் சொல்லுமா, சொன்னபிறகு உள்ளே போய் ஒரு மெழுகுவத்தியாவது ஏற்றுமா என்பது எழுதிப் பார்க்க நல்ல கேள்வி.

நாகை, அக்கரைப்பேட்டை, வேளாங்கண்ணி என்று போகும்போது 2004 டிசம்பர் 26-ன் நினைவிடங்கள் வரும். அந்த மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் போனார்கள். அங்கே ரீல்ஸ் எடுக்காதீர்கள், சுனாமியை உங்கள் மருமகளின் ஃபிளாஷ்பேக் சோகத்துக்குச் சட்னியாக அரைக்காதீர்கள். அவர் நின்று கும்பிட்டுவிட்டுப் போகட்டும்.

வேளாங்கண்ணிக்குத் தெற்கேதான் எனக்குப் பிடித்த நீளம்: செருதூர், விழுந்தமாவடி, வெள்ளப்பள்ளம், புஷ்பவனம், ஆறுகாட்டுத்துறை, அப்புறம் வேதாரண்யம். ஊருக்கும் ஊருக்கும் நடுவில் ஆளில்லாத கரை, அதனால் தண்ணீரை வேளாங்கண்ணியிலேயே நிரப்பிக்கொள்ளுங்கள், வெள்ளப்பள்ளத்திலும் ஒரு ஆற்றுவாய் உண்டு. வேதாரண்யத்தில் 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நூறு பேரோடு நடந்து வந்து உப்பு அள்ளினார், ஏப்ரல் 13-ல் கிளம்பி 28-ல் வந்து சேர்ந்தார்கள். இவ்வளவு வெயிலில் நடப்பது முட்டாள்தனம் என்று உங்கள் மாமா சொன்னால் அதைச் சொல்லுங்கள். சமையலறையிலேயே வாழ்ந்த பாத்திரத்துக்கு உப்பளம் காட்டுவதற்கு இதைவிடப் பொருத்தமான ஊர் கிடைக்காது. தினமும் கையில் அள்ளிய பொருள் பாத்தி பாத்தியாக, வெள்ளைக் குவியலாக, மேலே பனையோலை போர்த்திக் கிடப்பதை அவர் முதல்முறை பார்க்கிறார்.

கோடியக்கரையில் நிறுத்திவிடுங்கள். அங்கே கரை மேற்கே திரும்பிவிடுகிறது, அதற்கப்பால் முத்துப்பேட்டை வரைக்கும் சேறும் உப்பங்கழியும் அலையாத்தியும், நடக்க முடியாது. கோடியக்கரைக் காடு 1967-லிருந்து சரணாலயம், வெளிமானும் பூநாரையும் இருக்கிற இடம், வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கரையோரம் போகக்கூடாது. தை முதல் பங்குனி வரை பங்குனி ஆமை முட்டையிடக் கரையேறும் காலமும் கூட, இந்தக் கரை முழுவதிலுமே. இரவில் டார்ச் அடித்து, ஃபிளாஷ் போட்டு அதைத் திரும்ப ஓடவைக்காதீர்கள்.

தனியாகப் போகும்போது

ஆண்களுக்கும் பொருந்தும், பெண்களுக்கு இரண்டு மடங்கு. இருட்டியபிறகு கரையில் இருக்கக்கூடாது, கூடாரம் போடக்கூடாது. இலங்கை பக்கம் என்பதால் கடலோரக் காவல் விழிப்பாக இருக்கும், பையோடு இரவில் திரியும் ஆளை நிறுத்திக் கேட்பார்கள், கேட்பது சரிதான். ஆதார் கையில் இருக்கட்டும். 112, பெண்கள் உதவிக்கு 181, கடலோரக் காவலுக்கு 1093, மூன்றும் போனில் இருக்கட்டும். வீட்டில் ஒருவருக்கு எந்த ஊரில் ஏறினீர்கள், எந்த ஊரில் வெளியே வருவீர்கள் என்று காலையிலேயே சொல்லிவிடுங்கள், லைவ் லொக்கேஷனை மட்டும் நம்பாதீர்கள், சிக்னல் பற்றித்தான் மேலே சொன்னேனே. ஊருக்குள் நுழைந்ததும் ஏலம் போடும் இடத்தில் இருக்கும் பெண்களிடம் போய் நில்லுங்கள். "எந்த ஊரு, புருஷன் என்ன பண்றாரு, ஏன் நடக்குற" என்று எல்லாம் கேட்பார்கள், எரிச்சல் வரும், ஆனால் அதற்குப்பிறகு அந்த ஊரில் உங்களை யாரும் சீண்டமாட்டார்கள். "சீரியல் கதை எழுத" என்று உண்மையைச் சொல்லிப் பாருங்கள். எந்தச் சீரியல் என்று கேட்டு, அடுத்து என்ன ஆகும் என்று உங்களுக்கே கதை சொல்வார்கள். அந்தக் கதையை எழுதிக்கொள்ளுங்கள், அவர்கள் பெயரையும் முகத்தையும் கேட்காமல் போடாதீர்கள்.

பதிவிடுவது

வாட்பேடோ பிரதிலிபியோ, எங்கே போட்டாலும் பாத்திரம் யாருடைய சீரியலிலிருந்து வந்தது என்று மேலே ஒரு வரி போடுங்கள், காசுக்கு விற்காதீர்கள், பாத்திரம் நம்முடையது இல்லை. வீடியோ எடிட் செய்கிறவர்கள் சேனல் காட்சிகளை வெட்டி ஒட்டினால் காப்பிரைட்டில் தூக்கிவிடுவார்கள், அதற்குப் பதில் நீங்களே எடுத்த அலை, படகு, காலடி, அதன்மேல் உங்கள் குரலில் அவர் பேசும் வசனம், இது நிற்கும். வரையத் தெரிந்தால் இன்னும் நல்லது, அவர் முதுகை மட்டும் வரையுங்கள், கரையில் நடக்கும் ஆளை அப்படித்தான் பார்ப்போம். நடிகையின் முகத்தை ஏஐயில் போட்டு அலையில் நனைய வைப்பதெல்லாம் வேண்டவே வேண்டாம்.

ஒரு நடைக்கு ஒரு அத்தியாயம், அடுத்த துண்டு நடந்தபிறகுதான் அடுத்தது. வாசகர்கள் தினம் எபிசோடு கேட்பார்கள், அந்த அவசரத்துக்கு மயங்கி நடக்காத கரையை எழுதினால் இரண்டாவது பத்தியில் திரையும் நாத்தனாரும் வந்துவிடுவார்கள். "அவ இப்படிப் பேசவே மாட்டா" என்று யாராவது எழுதினால் சண்டைக்குப் போகாமல் எந்த வரி என்று கேளுங்கள், பெரும்பாலும் அவர்கள் சொல்வது சரியாக இருக்கும், அந்த வரி நீங்கள் பேசியதாக இருக்கும். "அவ இப்படித் தனியா போகவே மாட்டா" என்று எழுதுகிறவர்களுக்கு மட்டும் பதில் சொல்ல வேண்டாம், அடுத்த அத்தியாயத்தைப் போடுங்கள்.

திரும்பி வர: கோடியக்கரையிலிருந்து வேதாரண்யத்துக்குப் பஸ். வேதாரண்யத்தை ஒட்டிய அகஸ்தியம்பள்ளியிலிருந்து திருத்துறைப்பூண்டிக்கு 2023 ஏப்ரலிலிருந்து மறுபடி ரயில் ஓடுகிறது, ஆனால் வண்டிகள் குறைவு, நேரம் பார்த்துவிட்டுக் கிளம்புங்கள், தவறினால் பஸ்தான்.